வட்டத்தொட்டியின் ஞாயிற்றுக்கிழமைகள்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுகள் தொய்வின்றிக் கூடி வந்திருக்கிறது என்பது எளிய செய்தியன்று. தொடக்க விழாவுக்கு நூறு பேர், இரண்டாம் கூட்டத்திற்கு முப்பது பேர், ஐந்தாம் கூட்டத்திற்குச் செயலாளரும் காவலாளியும் என்று முடிந்துபோன அமைப்புகள் ஊர்தோறும் உண்டு. அந்த நிலையைக் கடந்து நிற்கும் வட்டத்திற்கு வாழ்த்துரை மட்டும் போதாது. இவ்வகைக் கூடல்களுக்கெல்லாம் மூத்ததாக விளங்கிய ஒன்றை எடுத்துவைத்து, அதன் சிறப்பையும் குறையையும் ஒருங்கே எண்ணிப் பார்ப்பதே இந்நாளுக்குப் பொருத்தமான காணிக்கையாகும். திருநெல்வேலியில் ரசிகமணி டி.கே.சி.யின் இல்லத்தில் கூடிய வட்டத்தொட்டியே இவ்வுரையின் பொருள்.

முதலில் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒரு சொல். வாரத்தில் ஒருநாள் ஊரெல்லாம் ஓய்வு என்னும் வழக்கம் பழந்தமிழ் வாழ்வில் இல்லை. உழவனுக்கு ஓய்வு அறுவடைக்குப் பின், வணிகனுக்கு அமாவாசை, புலவனுக்கு அதுவுமில்லை. நீதிமன்றமும் கச்சேரியும் ஆங்கிலப் பள்ளியும் வந்த பிறகே வாரவிடுமுறை என்ற ஒன்று வந்தது. அந்த ஓய்வு முதலில் வாய்த்தவர்கள் வழக்கறிஞர்களும் ஆசிரியர்களும் அலுவலர்களும் ஆவர். ஆறு நாளும் ஆங்கிலத்தில் எழுதி, ஆங்கிலத்தில் வாதாடி, ஆங்கிலத்தில் கற்பித்து வந்த ஒரு கூட்டத்தாருக்கு ஏழாம் நாளில் தாய்மொழி திரும்பக் கிடைத்தது. இருபதாம் நூற்றாண்டின் இலக்கிய வட்டங்கள் பலவும் இந்த ஏழாம் நாளின் பிள்ளைகளே எனலாம்.

டி.கே. சிதம்பரநாத முதலியார் 1882ஆம் ஆண்டு பிறந்தவர். சட்டம் பயின்றார், ஆயினும் வழக்குக் கட்டுகள் அவர் உள்ளத்தைப் பிடித்துவைக்கவில்லை. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவருடைய வீட்டின் நடுமுற்றம் வட்ட வடிவமான தொட்டிக்கட்டாக அமைந்திருந்தது. 1924ஆம் ஆண்டு தொடங்கி ஞாயிறுதோறும் மாலை ஐந்து மணிக்கு நண்பர்கள் அங்கே கூடலாயினர். இடத்தின் பெயரே கூட்டத்தின் பெயராயிற்று. பின்னர் அவர் சென்னைச் சட்டசபையின் உறுப்பினராகவும், 1930களின் முற்பகுதியில் அறநிலையத் துறையின் ஆணையராகவும் பணியாற்றினார். பதவி எங்கே இழுத்துச் சென்றாலும் அவர் அமர்ந்த இடம் வட்டத்தொட்டியாகிவிடும் என்று அன்பர்கள் சொல்வதுண்டு.

அங்கே நடந்தது என்ன? சொற்பொழிவு அன்று, ஆய்வுக் கட்டுரை வாசிப்பும் அன்று. கம்பனிலிருந்தோ, முத்தொள்ளாயிரத்திலிருந்தோ, குற்றாலக் குறவஞ்சியிலிருந்தோ ஒரு செய்யுளை எடுத்துக்கொள்வார். அதனை ஒருமுறை சொல்வார். பிறகு மீண்டும் சொல்வார். சீர் எங்கே நிற்க வேண்டும், குரல் எங்கே தாழ வேண்டும், எந்தச் சொல்லில் செய்யுளின் உயிர் உட்கார்ந்திருக்கிறது என்பதைச் சொல்லும் முறையாலேயே உணர்த்துவார். கவிதைக்கு உருவம் இன்றியமையாதது. உணர்ச்சிதான் அந்த உருவத்தைப் படைக்கிறது என்பது அவர் கொள்கை. அகராதியைக் கொண்டு பொருள் கண்ட தலைமுறைக்குச் செவியைக் கொண்டு பொருள் காணக் கற்பித்தார். ஒரு மாலைக்கு ஒரு பாட்டே போதும் என்ற நிறைவு அங்கே இருந்தது. ஒரே அமர்வில் பன்னிரண்டு கவிஞர்களை ஏற்றி இறக்கும் இற்றை நிகழ்ச்சிநிரல்களுக்கு இது சிந்திக்கத்தக்க செய்தி.

அந்தத் தொட்டிக்கட்டில் அமர்ந்தவர்களைப் பாருங்கள். பின்னாளில் நீதிபதியாகி, ஷேக்ஸ்பியரைத் தமிழில் தந்த எஸ். மகராஜன், வருவாய்த் துறையில் பணியாற்றி, கோயில் கோயிலாகச் சென்று ‘வேங்கடம் முதல் குமரி வரை’ எழுதிய தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான், பேராசிரியர் அ. சீனிவாசராகவன், மீ.ப. சோமு, வித்துவான் ல. சண்முகசுந்தரம். இவர்கள் ஒருவரையொருவர் நகலெடுத்தவர்கள் அல்லர். ஒருவர் சிற்பத்திற்குப் போனார். ஒருவர் நாடகத்திற்குப் போனார். ஒருவர் பயணநூலுக்குப் போனார். ஒரே ஊற்றில் நீர் முகந்து வெவ்வேறு வயலுக்குப் பாய்ச்சினார்கள். ஒரு வட்டம் நல்ல வட்டமா என்பதற்கு இதுவே முதல் உரைகல்.

வட்டத்தொட்டிக்கு ஒரு மலைவாசமும் இருந்தது. அது குற்றாலம். திருநெல்வேலியிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ஆனித் தென்றலோடு சாரல் தொடங்கி, ஆடியும் கடந்து அருவி கொட்டும் காலம் அது. பேரருவி, ஐந்தருவி, செண்பகாதேவி என்று நீர் விழும் இடமெல்லாம் மனிதர் கூடுவர். உத்தியோகத்தின் பொருட்டு ஊர்ஊராகச் சிதறிப்போன நண்பர்கள் அந்த ஒரு பருவத்தில் மீண்டும் முகம் பார்த்துக்கொள்வர். டி.கே.சி. தம் பிற்காலத்தைக் குற்றாலத்திலேயே கழித்தார். ராஜாஜியும் கல்கியும் அங்கே அவருடைய விருந்தினராயினர். இடைசெவல் என்னும் கரிசல் கிராமத்திலிருந்து கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் அவரைக் காண வந்தனர். இருவரும் 1923ஆம் ஆண்டு பிறந்தவர்கள். அந்நாளில் பெயர் பெறாத இளைஞர்கள். நாடறிந்த தலைவர் ஒருவரும் நாடறியாத இளைஞர் இருவரும் ஒரே இலையில் பரிமாறப்பட்ட அன்பைப் பெற்றனர் என்பதில்தான் அந்த வீட்டின் பெருமை அடங்கியிருக்கிறது. எண்ணெய் முழுக்கு, அருவி நீராடல், பசி, சுவையான உணவு, அதன்பின் ஒரு பாட்டு என்ற வரிசையில் உடம்பும் உள்ளமும் சேர்ந்தே கவிதைக்குத் தயாராயின. இன்று அருவிகளில் எண்ணெய்க்கும் சோப்புக்கும் தடை உண்டு. நீரைக் காக்கும் பொருட்டு அது வேண்டியதே. ஆனால் அவசரமில்லாத அந்த நாள்முழுமையைத் தடைசெய்தவர் எவருமிலர். மனிதர்கள் தாமே கைவிட்டனர்.

இனி, நாட்டு நடப்பு. நண்பர் கூடினால் செய்தித்தாள் நடுவே வந்தமராமல் இராது. ‘இலக்கிய வட்டத்தில் அரசியல் கூடாது’ என்று விதி எழுதுவோர் உளர். ‘அரசியல் பேசாத இலக்கியம் எதற்கு’ என்று எதிர்வாதம் செய்வோரும் உளர். வட்டத்தொட்டிக் குழுவினர் காட்டிய வழி மூன்றாவது. நடப்புச் செய்தியைத் தாம் நன்கறிந்த துறையின் வாயிலாக அணுகினார்கள். தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப்பாட்டு ஓரத்தில் துக்கடாவாகக் கிடந்த காலம் அது. கேட்பவருக்குப் பொருள் விளங்காத பாட்டில் உணர்ச்சி எப்படிப் பிறக்கும் என்பது ரசனையின் வினா. அந்த வினாவே நாளடைவில் பொதுவினாவாயிற்று. 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் எழுந்தது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்ற அவ்வியக்கத்திற்கு டி.கே.சி.யும் கல்கியும் ராஜாஜியும் தோள் கொடுத்தனர். கல்வி தாய்மொழியில் நடைபெற வேண்டும் என்ற டி.கே.சி.யின் வாதமும் இவ்வாறே தோன்றியதுதான். நடப்பைப் பற்றி வெறும் கருத்துரைத்துக் கலைவது ஒன்று. தமக்குத் தெரிந்ததைக் கொண்டு நடப்பை மாற்ற முனைவது மற்றொன்று. பின்னதே ஒரு வட்டத்திற்குப் பெருமை.

1939ஆம் ஆண்டு காரைக்குடியில் சா. கணேசன் கம்பன் திருநாளைத் தொடங்கியபோது, முதல் விழாவுக்குத் தலைமை ஏற்றவரும் டி.கே.சி.யே. முற்றத்தில் பத்துப்பேர் கேட்ட பாட்டு பந்தலில் ஆயிரம்பேர் கேட்கும் பாட்டாயிற்று. இன்று ஊர்தோறும் நடைபெறும் கம்பன் விழாக்களின் வேர் அங்கே இருக்கிறது.

நண்பர்களே, இவ்வளவும் புகழ். புகழோடு நிறுத்திக்கொண்டால் வரலாறு முழுமை பெறாது. கம்பராமாயணத்தின் பல்லாயிரம் பாடல்களில் பெரும்பகுதி இடைச்செருகல் என்று டி.கே.சி. கருதினார். தம் செவி ஏற்றவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, சில இடங்களில் சொற்களையும் திருத்தி, ‘கம்பர் தரும் ராமாயணம்’ என்று வெளியிட்டார். சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடம் தேரும் பதிப்பறிஞர்களால் இதனை ஏற்க இயலவில்லை. அவர்களுடைய மறுப்பு நியாயமானது. சுவடியில் உள்ளது ஒன்று, ரசிகருக்குப் பிடித்தது ஒன்று என்றால், முன்னதை மாற்றும் உரிமை பின்னதற்கு இல்லை. செவி பெரிதாயினும் சான்று அதனினும் பெரிது.

இந்தப் பிழை நேர்ந்தது எதனால்? அறிவுக் குறைவால் அன்று; அன்பின் மிகுதியால். சுற்றியிருந்தோர் அனைவரும் அவரைக் கேட்க வந்தவர்கள். மறுக்க வந்தவர்கள் மிகக் குறைவு. மறுப்பு வெளியிலிருந்து வந்தபோது அது பகையாகத் தோன்றியது. உள்ளிருந்து எழுந்திருந்தால் உதவியாகத் தோன்றியிருக்கும். ஒருவரை மையமாகக் கொண்ட எந்த வட்டத்திற்கும் இந்த இடர் உண்டு. நட்பு கெட்டுவிடுமோ என்று அஞ்சிச் சொல்லாமல் விட்ட ஒரு சொல், பின்னாளில் நண்பரின் நூலில் நிலையான குறையாக அச்சேறிவிடுகிறது. இடித்துரைப்பதும் நட்பின் கடமை என்று வள்ளுவர் வகுத்திருப்பது அனைவரும் அறிந்ததே. கவியரங்கம் முடிந்ததும் ‘அருமை, அருமை’ என்று சொல்லிப் பிரியும் வழக்கமுள்ள எந்த வட்டமும் இதனை எண்ணிப்பார்த்தல் நலம்.

பேச்சு காற்றோடு போகும். வட்டத்தொட்டியின் பேச்சு எப்படி எஞ்சியது? கடிதங்களால். நேரில் வர இயலாத நண்பர்களுக்கு டி.கே.சி. ஓயாது கடிதம் எழுதினார். அருவியில் நீர் மிகுந்ததும், வீட்டுக்கு வந்த விருந்தினரின் பெயரும், ஒரு செய்யுளின் நயமும், நாட்டுச் செய்தியும் ஒரே கடிதத்தில் அடுத்தடுத்து அமையும். அவை பின்னர் நூலாயின. தமிழ்க் கடித இலக்கியத்தில் தனியிடம் பெற்றன. இந்த வித்து இடைசெவலிலும் முளைத்தது. அழகிரிசாமி தமக்கு எழுதிய கடிதங்களைப் பாதுகாத்து வைத்து நூலாக்கினார் கி.ரா. கைப்பேசிக் குழுவில் எழுதப்படும் செய்தி மறுவாரம் தேடினால் அகப்படுவதில்லை. எழுதியதை எடுத்துவைக்கும் ஒருவர் ஒவ்வொரு வட்டத்திற்கும் தேவை. இந்த மலர் அவ்வகைப் பணியே.

துயரத்தையும் அந்த நட்பு தாங்கியது. டி.கே.சி.யின் மகன் தீபன் இளமையிலேயே மறைந்தார். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இரங்கற்பா எழுதி அனுப்பினார். புத்திர சோகத்தின் நடுவிலும் அப்பாட்டின் கவித்துவத்தை டி.கே.சி. போற்றினார் என்பர். ஞாயிறு மாலைகளில் பல்லாண்டு பயின்ற ரசனை அந்நாளில் ஊன்றுகோலாக நின்றது. கவிதை பொழுதுபோக்கா, வாழ்க்கைத் துணையா என்னும் கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை.

1954ஆம் ஆண்டு அந்த நட்பு வட்டத்திற்குக் கொடிய ஆண்டு. பிப்ரவரியில் டி.கே.சி. மறைந்தார், செப்டம்பரில் கவிமணி, டிசம்பரில் கல்கி. பத்தே மாதங்களில் மூன்று விளக்குகள் அணைந்தன. ஆயினும் ஒளி அறவே நீங்கவில்லை. 1962இல் சோமுவும், 1968இல் சீனிவாசராகவனும், 1970இல் அழகிரிசாமியும், 1991இல் கி.ரா.வும் சாகித்திய அக்காதெமி விருது பெற்றனர். 2021இல் கி.ரா. மறைந்தபோது டி.கே.சி.யை நேரில் கண்டு பழகிய எழுத்தாளர் வரிசையின் மூத்த கண்ணி அறுந்தது. 1924இல் ஒரு முற்றத்தில் தொடங்கிய உரையாடல் ஏறத்தாழ நூறாண்டு வாழ்ந்திருக்கிறது.

கட்டடமில்லை, சந்தா இல்லை, விதிப்புத்தகம் இல்லை. ஒரு நாள், ஒரு நேரம், ஒரு பாட்டு, சில நண்பர்கள் என்பவை மட்டுமே இருந்தன. அவற்றோடு, அங்கே போதிய அளவு இல்லாதுபோன ஒன்றையும், அதாவது அன்போடு மறுத்துரைக்கும் துணிவையும் சேர்த்துக்கொள்ளும் வட்டம் தன் முன்னோடியினும் சிறப்படையும். பதினோராம் ஆண்டின் முதற் கூட்டத்தில் ஒரு பாட்டை எடுத்துவைத்து, இருமுறை வாய்விட்டுச் சொல்லி, பிடித்தவர் ஏன் பிடித்தது என்றும், பிடிக்காதவர் ஏன் பிடிக்கவில்லை என்றும் அஞ்சாமல் பேசட்டும். அதன்பின் அனைவரும் ஒன்றாக அமர்ந்து உண்ணட்டும்.

வட்டம் வளர்க, தமிழ் வெல்க.