வயலில் எரியும் சோகை, வீட்டில் தகிக்கும் கூரை



பயிர்க்கழிவிலிருந்து வெப்பக்காப்புப் பலகை செய்வது பற்றிப் பேசக் கள்ளக்குறிச்சி பொருத்தமான ஊர். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயப்பாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள்ளன. சின்னசேலம் பக்கம் மரவள்ளியும் மக்காச்சோளமும் விளைகின்றன. கல்வராயன் மலைமேல் சாமை விளைகிறது.

ஆலை என்றதும் எல்லோருக்கும் கரும்புச் சக்கைதான் நினைவுக்கு வரும். அமெரிக்காவின் லூசியானாவில் செலோடெக்ஸ் நிறுவனம் 1920களிலேயே சக்கையில் வெப்பக்காப்புப் பலகை செய்து விற்றது. ஆனால் நம் ஆலைகளில் சக்கை கழிவே அன்று. நூறு டன் கரும்பை அரைத்தால் ஏறத்தாழ முப்பது டன் ஈரச்சக்கை கிடைக்கிறது. அதுதான் கொதிகலனுக்கு எரிபொருள். கரூர் புகளூரில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை 1984 முதல் சக்கையில் காகிதம் செய்கிறது. ஏற்கெனவே வேலை இருக்கும் பொருளைப் பறித்து நாம் பலகை செய்ய வேண்டியதில்லை. வெட்டு முடிந்ததும் தீ வைக்கப்படும் கரும்புச் சோகையையும், வரப்பில் குவிந்து கிடக்கும் மக்காச்சோளத் தட்டையையும், மணி உதிர்த்த கதிர்களையும் பாருங்கள். மண்ணுக்கு மூடாக்காகப் போட்டது போக மிஞ்சுவதே நமக்கு. நிலத்தின் பங்கு முதல் பங்கு. இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

இப்பலகை வெப்பத்தைத் தடுப்பது, நார்களுக்கிடையே அசையாமல் சிறைப்பட்ட காற்றால். காற்றின் வெப்பக் கடத்துதிறன் (வாட்/மீட்டர்-கெல்வின் அலகில்) 0.025 அளவு, இலேசாக அழுத்திய நார்ப்பலகைக்கு 0.05 அளவு, கான்கிரீட்டுக்கோ 1.5க்கு மேல். 2018இல் நடுவண் அரசு வெளியிட்ட குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பான ஈகோ நிவாஸ் சம்ஹிதா, கூரையின் வெப்பக் கடப்பு மதிப்பு (வாட்/சதுர மீட்டர்-கெல்வின் அலகில்) 1.2ஐத் தாண்டக் கூடாது என்கிறது. வெற்றுக் கான்கிரீட் தளம் அதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு கடத்தும். எளிய கணக்குப் போட்டால், மூன்று சென்டிமீட்டர் தடிமனுள்ள நல்ல பலகை அந்த வரம்புக்குள் கொண்டுவந்துவிடும். மலைவாழ் மக்கள் புல் வேய்ந்து வாழ்ந்த வீடுகளில் இந்தக் காப்பு கூரையிலேயே இருந்தது. தளமும் தகரமும் வந்தபோது மழை ஒழுகுவது நின்றது. கூடவே பகல் வெக்கையும் இரவுக் குளிரும் உள்ளே வந்தன. அவர்கள் பழைய கூரைக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. அவ்வப்போது புல் மாற்றும் உழைப்பும் தீப்பிடிக்கும் அச்சமும் அவர்களுக்குத் தெரியும். இழந்த காப்பை மட்டும் திருப்பித் தருவதே நம் கடமை.

இனி, கடினமான பகுதி. நீர், காற்றைப்போல் இருபது மடங்குக்கு மேல் வெப்பம் கடத்துவது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈரம் குடித்த பலகை, ஆய்வகத்தில் காட்டிய எண்ணைக் காட்டாது. தளத்துக்கு மேலே பரப்பினால் மழை எதிரி; கீழே பொருத்தினால் கறையானும் தீயும். போராக்ஸ் கரைசல் கறையானையும் தீயையும் ஓரளவு தடுக்கிறது. ஆனால் நீரில் கரைந்து வெளியேறிவிடும். ஒட்டுப்பொருளிலும் இதே இக்கட்டுதான். யூரியா-ஃபார்மால்டிஹைடு பசை மலிவு. மூடிய அறையில் அது விடும் வாயு குழந்தைகள் சுவாசிக்கத் தக்கதன்று. நம் மரவள்ளி மாவுப் பசை தீங்கற்றது. பூஞ்சைக்கும் அது விருந்து. பசையே இல்லாமல், வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் வைக்கோலை இறுக்கிப் பலகையாக்கும் முறை 1930களில் சுவீடனில் உருவானது. நம் தட்டைக்கு அம்முறை எவ்வளவு ஒத்துவரும் என்பதை இம்மண்ணில்தான் சோதிக்க வேண்டும்.

இன்னொன்று: சோகை எடையில் சிறிது, இடத்தில் பெரிது. தொலைதூர ஆலைக்கு லாரியில் ஏற்றினால் வாடகையே இலாபத்தை விழுங்கும். அழுத்தும் எந்திரம் கிராமத்துக்கு வர வேண்டும்.

இக்கருத்தரங்கின் கட்டுரையாளர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உலர்ந்த பலகையின் அளவீட்டை மட்டும் படித்துவிட்டு அமராதீர்கள். ஒரு மழைக்காலம் கழித்து எடுத்த அளவீடு இருந்தால் அதைச் சேர்த்துச் சொல்லுங்கள். இல்லையென்றால் அதை எப்போது, எந்த ஊர்க் கூரையில் எடுக்கப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். முதல் அமர்வு ஒட்டுப்பொருள்கள் பற்றியது. கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.