அக்கரை ஸ்டேஷனில் இறங்கி

திருக்கோவிலூர் என்றதும் உங்கள் மனசு நேராக உலகளந்த பெருமாளிடம் போயிருக்கும். போகட்டும். இடைகழியில் ஆழ்வார்கள் மூவர் நெருக்கியடித்து நின்ற கதையும், ஆற்றோரத்துக் கபிலர் குன்றும் உங்களுக்குத் தெரியாததா என்ன? நாம் ரயிலடியிலிருந்து நடப்போம்.

விழுப்புரம் – காட்பாடி தடத்தில் திருக்கோவிலூர் என்ற பலகையைப் பார்த்து இறங்குகிறவருக்கு ஒரு சின்ன அதிர்ச்சி காத்திருக்கும். ஸ்டேஷன் இருப்பது அக்கரையில், அரகண்டநல்லூர்ப் பக்கம். ஊருக்கும் ரயிலுக்கும் நடுவே தென்பெண்ணை. கோடையில் பாலத்திலிருந்து எட்டிப் பார்த்தால் ஆறு முழுக்க மணல்தான். அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, கண்ணில் பட்டால் ஒரு பொட்டலம் வாங்கிக்கொள்ளுங்கள். தென்னாற்காட்டுக்காரன் சொல்கிறேன், அந்த ருசி பட்டணத்துக் கடற்கரையில் கிடைக்காது.

ஊருக்குள் டேனிஷ் மிஷன் பள்ளிக்கூடம், டேனிஷ் மிஷன் ஆஸ்பத்திரி என்று வழி கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் காட்டும். டென்மார்க் எங்கே, பெண்ணையாற்றங்கரை எங்கே! தரங்கம்பாடி டேனிஷ்காரர்களை நமக்குத் தெரியும்; அது கடலோர வியாபாரம், கோட்டை, சீகன்பால்கு அச்சடித்த புத்தகம். இங்கே வந்தவர்கள் வேறு ரகம். 1821இல் தொடங்கிய டேனிஷ் மிஷன் சங்கத்தின் ஆட்கள். புதிதாக வந்தவருக்கு முதல் வேலையே தமிழ்ப் பாடம்தான். முன்ஷி ஒருவர் எதிரே உட்கார்ந்து ழகரத்தை உருட்டச் சொல்லுவார். வெயிலில் அந்த வெள்ளைக்கார நாக்கு பட்டிருக்கும் பாட்டை நினைத்துப் பாருங்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் எஸ்தர் ஃபேரிங். நடையை இங்கேயே நிறுத்திவிடலாம், இவரைப் பற்றித்தான் எனக்குப் பேச ஆசை. 1917 ஜனவரியில் இவரும் ஆன் மேரி பீட்டர்சன் என்ற இன்னொரு டேனிஷ் பெண்ணும் அகமதாபாத் கோச்ரப்பில் அப்போதிருந்த காந்தியின் ஆசிரமத்துக்குப் போனார்கள். சம்பாரண் போராட்டம் தொடங்கியிராத காலம். நம்மில் பலருக்கே காந்தி யாரென்று சரியாகத் தெரியாது. போய்த் திரும்பிய எஸ்தருக்கு அவரிடமிருந்து கடிதங்கள் வர ஆரம்பித்தன. திருக்கோவிலூர் மிஷனில் வேலை பார்த்த நாட்களிலும் வந்தன. சும்மா நலம் விசாரிக்கும் கடிதங்களா? விரதம் எதற்கு என்ற விவாதம். 1918இல் கேடா ஜில்லாவில் பட்டாளத்துக்கு ஆள் சேர்த்தபோது அகிம்சையைப் பற்றித் தமக்கிருந்த குழப்பம். அதையெல்லாம் பெரிய தலைவர்களுக்கு எழுதியதுபோலவே இந்தப் பெண்ணுக்கும் எழுதினார். பிற்பாடு 1956இல் நவஜீவன் அவற்றைப் புத்தகமாகப் போட்டது.

மிஷன் மேலிடத்துக்கு இந்த உறவு பிடிக்கவில்லை. காந்தியைப் பார்க்கப் போகாதே என்றார்கள். அரசாங்கமும் சந்தேகக் கண்ணோடு பார்த்தது. சொந்த நாட்டை விட்டு, தமிழைக் கற்று, ஊரோடு ஒட்டிய ஒருத்திக்கு அது எவ்வளவு வலித்திருக்கும்! கடைசியில் மிஷனை விட்டுவிட்டார். கேரளத்து டாக்டர் மேனன் ஒருவரை மணந்தார். அந்தக் காலத்தில் அது எத்தனை வாய்களுக்கு அவலாயிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தோழி பீட்டர்சனும் மிஷனை விட்டார். பரங்கிப்பேட்டையில் பெண் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். 1921இல் அதற்கு அடிக்கல் நாட்டியவர் காந்தியேதான். சேவா மந்திர் என்று விசாரியுங்கள், காட்டுவார்கள்.

பரங்கிப்பேட்டைக்கு ரயிலிலேயே போகலாம். விழுப்புரத்தில் வண்டி மாறி, கடலூரைத் தாண்டிச் சிதம்பரத்துக்கு முன்னால் இறங்க வேண்டும். பாசஞ்சர் வண்டியாகப் பார்த்து ஏறுங்கள். எல்லா வண்டியும் அங்கே நிற்பதில்லை.