இரத்தக் கொதிப்பு மாத்திரையும் சுண்டெலியும்
(திருத்துறைப்பூண்டி வட்டாரத் தம்பதியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நடவு முடிந்து வந்த ஒரு அண்ணன் என்னிடம் கேட்டார்: "தலைவலி இல்லை, மயக்கம் இல்லை. அப்புறம் எதுக்குங்க தினமும் மாத்திரை?" நியாயமான கேள்விதான். இரத்தக் கொதிப்பு பெரும்பாலும் வலி காட்டாது. உள்ளே குழாய் பழுதாவது நமக்குத் தெரியாது.

இரத்தக் குழாயை நம்ம வாய்க்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஓயாமல் வேகமாய் மோதினால் கரை அரிக்கும் அல்லவா? அழுத்தம் கூடினால் குழாயின் உட்சுவரும் அப்படிப் பழுதாகும். அங்கே கொழுப்பு சுவருக்குள்ளேயே படிகிறது. வாய்க்காலைக் கோடையில் தூர் வாரலாம். இதை அப்படி வார முடியாது.

இதைச் சுண்டெலியை வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். சாதாரணச் சுண்டெலிக்கு இந்த நோய் சுலபத்தில் வராது. அதனால் 1992-இல் அமெரிக்காவில் ஒரு மரபணுவை நீக்கி, குழாயில் தானாகவே கொழுப்பு படியும் எலியை உண்டாக்கினார்கள். அழுத்தத்தை ஏற்றும் ஆஞ்சியோடென்சின் என்ற பொருளை அதற்குச் செலுத்தியபோது படிவு பெருகியது. அந்தப் பொருளைத் தடுக்கும் எனலாப்ரில், லோசார்டான் வகை மருந்துகளைக் கொடுத்தபோது படிவு குறைந்தது.

எலி வேறு, மனுஷன் வேறு. "மாத்திரை போட்டால் அடைப்பெல்லாம் கரைந்துவிடும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மனிதரில் உறுதியாய்த் தெரிந்தது இதுதான்: அழுத்தம் அடங்கியிருந்தால் பக்கவாதமும் மாரடைப்பும் குறைகின்றன. அளவு சரியானதே மாத்திரையால்தான். நாமாக நிறுத்தினால் மறுபடி ஏறும்.

இளம் தம்பதிகள் இதைக் கவனமாய்க் கேட்க வேண்டும். இதே எனலாப்ரில், லோசார்டான் மாத்திரைகள் கர்ப்பத்தில் ஆகாது. சிசுவின் சிறுநீரகம் கெடும், பனிக்குட நீர் வற்றும். குழந்தைக்குத் திட்டமிடும்போதே டாக்டரிடம் சொல்லுங்கள். மெத்தில்டோபா, லேபெட்டலால் போன்ற வேறு மருந்துக்கு மாற்றித் தருவார். நாள் தள்ளிப்போனால் அன்றைக்கே போங்கள். கொதிப்புள்ள பெண்களுக்கு மாலா-டி போன்ற கருத்தடை மாத்திரையும் ஏற்றதல்ல. காப்பர்-டி போட்டுக்கொள்ளலாம்.

வேதாரண்யம் பக்கம் என்பதால் உப்புக்கு நமக்குப் பஞ்சமில்லை! கருவாடு, ஊறுகாய், அப்பளம் எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டி உப்புக்குள் அடங்க வேண்டும்.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வாங்கி அலமாரியில் வைத்துவிடாதீர்கள். அளவு 140/90-ஐத் தாண்டுகிறதா என்று இப்போதே பார்த்துவிடலாம், கருவி இருக்கிறது. புருஷன் பெண்டாட்டி இருவருமாக வாருங்கள்.