தகர டிக்கெட்

(ராயபுரத்தில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, துறைமுகமும் தொத்துநோயும் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான் எங்க தெருவிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2020 ஏப்ரல், மே மாதங்களில் சென்னையில் கொரோனா ரொம்ப அதிகமாயிருந்த மண்டலங்களில் நம்ம ராயபுரமும் ஒன்று. எங்க தெரு முனையில தகரம் அடிச்சாங்க. பால் வாங்கப் போக முடியாது, மருந்துக்கடைக்குப் போக முடியாது. ஆனா விடியக்காலை அஞ்சு மணிக்கு எங்க சித்தி மட்டும் அந்தத் தகரத்துக்கு அடியில குனிஞ்சு வெளிய போய்க்கிட்டிருந்துச்சு. குப்பை அள்ளுற வேலை. ஊரைச் சுத்தம் பண்ணப் போகலாம், அரிசி வாங்கப் போகக்கூடாது. சித்தி ஒருநாள் கேட்டுச்சு: "தொத்து எனக்கு ஒட்டாதுன்னு நினைக்கிறாங்களா, ஒட்டுனா பரவால்லன்னு நினைக்கிறாங்களா?"

அந்தக் கேள்விதான் என்னைப் பழைய கதைக்குள்ள இழுத்துக்கிட்டுப் போச்சு.

அன்றைக்கு அரசு கையிலெடுத்த சட்டங்களில் ஒன்று 1897ஆம் வருஷத்துக் கொள்ளைநோய்ச் சட்டம். ரொம்பச் சின்னச் சட்டம், நாலே பிரிவு. வெள்ளைக்காரன் நம்ம உயிர்மேல அக்கறைப்பட்டுப் போட்டதல்ல அது. 1866இல் கான்ஸ்டாண்டிநோபிளில் கூடிய சுகாதார மாநாட்டிலேயே, காலரா இந்தியாவிலிருந்துதான் கிளம்புகிறது, கப்பல்களை மறித்துக் காவலில் வை என்று மற்ற அரசுகள் சொல்லிவிட்டன. பிரிட்டன் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று வருஷத்தில் சூயஸ் கால்வாய் திறந்தது. கப்பல் ஒருநாள் நின்றால் ஒருநாள் நஷ்டம். ஆகவே காலரா தொத்தும் நோயே அல்ல, காற்றும் மண்ணும் செய்கிற வேலை என்று இந்திய அரசின் பெரிய சுகாதார அதிகாரியே வாதாடினார். 1884இல் ராபர்ட் கோக் கல்கத்தாவில் கிருமியைக் காட்டிய பிறகும் அதை மறுக்க லண்டனிலிருந்து ஆள் அனுப்பினார்கள். வியாபாரத்துக்கு எந்த விஞ்ஞானம் ஒத்துவருமோ அதுதான் விஞ்ஞானம்.

1896இல் பம்பாயில் பிளேக் வந்தது. இந்தியச் சரக்கை உள்ளே விடமாட்டோம் என்று ஐரோப்பியத் துறைமுகங்கள் மிரட்டின. 1897 பிப்ரவரி மத்தியில் வெனிஸில் மாநாடு. அதற்குள் அவசர அவசரமாக அதே மாதம் சட்டம். அதை வைத்து வீடு புகுந்து சோதனை போட்டார்கள். பூனாவில் சாபேகர் சகோதரர்கள் பிளேக் அதிகாரி ராண்டைச் சுட்டதைப் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். வீட்டுக்குள் சோல்ஜர் நுழைந்து தீட்டாகிப் போச்சு என்பதும் அந்தக் கோபத்தில் உண்டு. அதே பூனாவில், அதே வருஷம் மார்ச்சில், பிளேக் வந்த ஒரு மகார் பையனைத் தூக்கிவந்து மகனுடைய மருத்துவமனையில் சேர்த்து, அதனாலேயே நோய் தொத்திச் செத்துப்போனார் சாவித்திரிபாய் புலே. இதைப் பள்ளிக்கூடத்தில் எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? கை தூக்குங்க பார்ப்போம்.

சரி, அரசுகள் தங்களுக்குள் மல்லுக்கட்டும்போது அடியில் கிடந்தது யார்?

1856. கல்கத்தாவிலிருந்து மொரீசியசுக்குக் கூலிகளோடு இரண்டு கப்பல் போகுது. இரண்டு வருஷம் முன்னாடிதான் அங்கே காலரா ஆயிரக்கணக்கில் கொன்றிருந்தது. அதனால் கரை இறங்க விடாமல் கேப்ரியல் என்ற சின்னத் தீவில் கொண்டுபோய் விட்டார்கள். ஒழுங்கான கூரை கிடையாது. ஏறக்குறைய 700 பேரில் 280க்கும் மேல் செத்தார்கள். விஷயம் தெரிந்து இந்திய அரசு மொரீசியசுக்கு ஆள் அனுப்புவதையே நிறுத்தியது. அடுத்த வருஷமே திரும்பவும் கப்பல் ஓட ஆரம்பித்துவிட்டது. கரும்பு காத்திருக்காதே.

நமக்கு இன்னும் கிட்டத்தில் இருப்பது இலங்கை. தேயிலைத் தோட்டத்துக்கு நம்ம சனம் வேணும். பள்ளர், பறையர், சக்கிலியர் அதில் பெரும் பகுதி. ஆனா நம்ம சனத்தோட வர்ற நோய் வேணாம். நடந்து போகிற வடக்குப் பாதையில் காலராவில் விழுந்து செத்தவர்களுக்குக் கணக்கே இல்லை. பிளேக் பயம் வந்ததும் கொழும்பு அரசு ஒரு வழி கண்டுபிடித்தது: தடுப்பை இலங்கைக் கரையில் போடாதே, இந்திய மண்ணிலேயே போடு. முதலில் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் தட்டப்பாறை. 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பலும் வந்த பிறகு மண்டபம். நிலம் மெட்ராஸ் ராஜதானியுடையது, கேம்ப் இலங்கை அரசுடையது. அஞ்சாறு நாள் உள்ளே வைத்து, அம்மை குத்தி, கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுத்து, சுத்தமான கூலியாக அனுப்பினார்கள்.

கேம்ப் செலவு, வண்டிச் செலவு யார் தலையில்? அதற்குத்தான் தகர டிக்கெட். 1900களின் தொடக்கத்தில் வந்த ஏற்பாடு. தோட்டத்தின் அடையாளமும் எண்ணும் குத்திய ஒரு தகர வில்லை. ஆளைக் கொண்டுவந்த செலவு அந்த வில்லையில் உள்ள தோட்டத்தின் கணக்கில் ஏறும். தோட்டம் விடுமா? கடைசியில் எவ்வளவோ கூலிக்காரனின் கடனாகத்தான் இறங்கியது. மூட்டைக்கு மார்க் போடுகிற மாதிரிதான். நம்ம துறைமுகத்துல மூட்டை தூக்கினவங்க வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இங்கேயிருந்து போன கப்பல்களும் அப்படித்தான். மெட்ராஸ், நாகப்பட்டினத்திலிருந்து மலேயா போனவர்களுக்குப் பினாங்கில் ஜெரஜாக் தீவு, சிங்கப்பூரில் செயின்ட் ஜான்ஸ் தீவு. தீவில் அடைபட்டது பெரும்பாலும் டெக்கில் போன சனம்தான்.

மண்டபம் கதை அதோடு முடியவில்லை. 1948இல் இலங்கை மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தது. 1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது என்று பேசி முடித்தார்கள். அந்த 5,25,000 பேரில் ஒருத்தரையாவது கேட்டார்களா? அப்படித் திரும்பி வந்தவர்களை எங்கே இறக்கி வைத்தார்கள் தெரியுமா? அதே மண்டபத்தில். தாத்தனை மருந்தடித்து அனுப்பின இடத்தில் பேரன் வந்து வரிசையில் நின்றான். 1983க்குப் பிறகு அகதிகளுக்கும் அதே மண்டபம்தான்.

நம்ம பக்கத்தில் எண்ணூர் பர்மா நகரிலும் வியாசர்பாடியிலும் கப்பலில் போய்த் திரும்பி வந்த குடும்பங்கள் இருக்கின்றன. மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். வீட்டில் ஆயாவையும் தாத்தாவையும் கேளுங்க. எந்தக் கேம்பில் எத்தனை நாள் இருந்தாங்க, என்ன குத்தினாங்க, யாரை முதல்ல வெளிய விட்டாங்கன்னு எழுதிக்கிட்டு வாங்க. தோட்டத்துல இருந்து வந்த வீடுகள்ல பழைய பெட்டியில தகர வில்லை எதுவும் கிடந்தா, காயலான் கடைக்குப் போட்டுடாதீங்க. கொண்டு வாங்க. போட்டோ எடுத்துக்கிட்டுத் திருப்பிக் கொடுத்துடறேன்.