கூலியும் வரியும் அமானிதம்

 

தேவாரத்தில் சிறுகடை நடத்தும் நமக்கு இரண்டு பக்கமும் நெருக்கடி. விடியுமுன்பே ஜீப்புகள் ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு இடுக்கி மலைக்குப் போகின்றன. அங்கே கிடைக்கும் கூலியை நம்மால் கொடுக்க முடிவதில்லை. கடையில் ஆள் நிற்பதில்லை. மறுபக்கம், 2017 ஜூலையில் வந்த ஜிஎஸ்டி.

சரக்கு மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய் வரை பதிவு தேவையில்லை என்பது பொது விதி. மெட்டைத் தாண்டிக் கேரளாவுக்கு விற்றால் இந்தச் சலுகை கிடையாது. 1.5 கோடி வரையுள்ள வியாபாரிக்கு 1 சதவீதக் காம்போசிஷன் திட்டம் உண்டு. அதில் சேர்ந்தவர் வெளிமாநிலத்துக்கு விற்கக் கூடாது. வாடிக்கையாளரிடம் வரி வாங்கவும் கூடாது. தம் கையிலிருந்தே கட்டவேண்டும்.

மற்றவர்கள் ஏலக்காய்க்கு 5 சதவீதம் வாங்குகிறோம். அந்தப் பணம் நம் கல்லாவில் கிடந்தாலும் நம்முடையதல்ல. வேலையாள் உழைத்து முடித்த கூலியும் அப்படித்தான். இரண்டையும் சரக்கில் போட்டால், விலை இறங்கும் நாளில் அவர் வீட்டு அடுப்புதான் முதலில் அணையும். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

கூலிப் பாக்கியை ரமலானில் ஜகாத் கணக்கில் கழிக்கவும் முடியாது. பாக்கி என்பது கடன். ஜகாத் வேறு கடமை.

ஆகவே இரவில் கல்லாவை எண்ணும்போது கூலியையும் வரியையும் முதலில் தனியே எடுத்து வைப்போம். மிச்சமே நம் வருமானம். அது சிறிதானாலும் அல்லாஹ் அதில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.