அறுந்த இழையை ஒட்டுவது யார்?

(கோவையில் பஞ்சாலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் கட்சி ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது, டி.வி. வந்திருக்கிறது, உபாத்தியாயர் கையில் டேப்லெட் வந்திருக்கிறது. "இனி உங்கள் பிள்ளைகளுக்கு என்ன குறை?" என்று கேட்கிறார்கள். நாம் இயந்திரத்துக்கு விரோதிகள் அல்ல; இயந்திரத்தோடு பிழைக்கிற வர்க்கம். ஆனால் ஆலைக்குப் புது மிஷின் வந்தால் நாம் முதலில் கேட்பது என்ன? இதை ஓட்ட எத்தனை பேர், இதனால் வேலை போகிறவர் எத்தனை பேர் என்பதுதானே! அந்தக் கேள்வியைப் பள்ளிக்கூட வாசலிலும் கேட்கவேண்டும்.

ஸ்பின்னிங்கில் வேலை செய்கிற தோழர்களுக்குத் தெரியும். ரிங் பிரேமில் நூற்றுக்கணக்கான கதிர்கள் சுற்றுகின்றன. ஓர் இழை அறுந்தால் மிஷின் நிற்காது. மற்றக் கதிர்கள் சுற்றிக்கொண்டே இருக்கும். அறுந்ததைக் கண்டு ஒட்டுவது தொழிலாளியின் கை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கோவையில் என்.டி.சி. ஆலைகள் நின்றன, பள்ளிகளும் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதிதான். 2019 ஆகஸ்டில் தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடியது. தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்கு வீட்டில் கம்ப்யூட்டர். நம் வீட்டில்? இருக்கிற ஒரு போனும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். 2017-18இல் மத்திய சர்க்கார் எடுத்த கணக்குப்படி, இந்தியக் கிராமங்களில் 100 வீடுகளில் கம்ப்யூட்டர் இருந்தவை 5கூட இல்லை. இண்டர்நெட் வசதி இருந்தவை சுமார் 15. டி.வி. பாடம் நிற்காமல் ஓடியது. யாருடைய இழை அறுந்தது என்று அதற்குத் தெரியவில்லை.

இதை ஆராய்ந்தவர்கள் உண்டு. கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ ஆகிய மூவர் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைப் பரீட்சித்தார்கள். 2019இல் அதே வயதுப் பிள்ளைகள் அறிந்திருந்ததைவிட 2021 டிசம்பரில் பிள்ளைகள் வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள். கணக்கில் இன்னும் மோசம். ஏழைப் பிள்ளைகளுக்கே இழப்பு அதிகம். பள்ளி திறந்தபின் ஆறே மாதத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு 'இல்லம் தேடிக் கல்வி'யால் வந்தது என்கிறார்கள்.

அதை நடத்தியது யார்? மாலையில் அதே தெருவில் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்த தன்னார்வலர்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மாதம் கிடைத்தது 1,000 ரூபாய். இழையை ஒட்டிய கைகள் அவை. அந்தக் கைகளுக்கு நியாயமான கூலி கேட்பதும் நம் கடமை.

வெளிநாட்டு அனுபவத்தையும் பாருங்கள். தென் அமெரிக்காவில் பெரு என்று ஒரு நாடு. பிள்ளைக்கு ஒரு லேப்டாப் என்று கிராமப் பள்ளிகளுக்கு அள்ளிக் கொடுத்தார்கள். 319 பள்ளிகளில் செய்த ஆய்வின் முடிவு 2012இல் வெளிவந்தது. கணக்கிலும் மொழியிலும் தேர்ச்சி உயரவில்லை. பெட்டி வந்தது, கற்றுத்தரும் முறை மாறவில்லை.

பக்கத்துக் கேரளத்தில் 2020 ஜூன் 1ஆம் தேதி டி.வி. வகுப்பு தொடங்கியது. டி.வி.யும் இண்டர்நெட்டும் இல்லாத பிள்ளைகள் சுமார் 2.6 லட்சம் என்று கணக்கெடுத்தார்கள். வாசகசாலைகளிலும் ஊர்ப் பொது இடங்களிலும் அவர்கள் பார்க்க ஏற்பாடு நடந்தது. அங்கும் முதல் நாளில் விடுபட்ட வீடுகள் இருந்தன, மறைக்க வேண்டியதில்லை. இருந்தாலும் யாரிடம் இல்லை என்று எண்ணிப் பார்த்தார்களே, அதுதான் பாடம். அங்கே பள்ளிக் கம்ப்யூட்டர்களும் கட்டற்ற மென்பொருளில் ஓடுகின்றன. அதற்காக எந்தக் கம்பெனிக்கும் உரிமக் கட்டணம் அழுவதில்லை.

நம் ஊரில் எண்ணப்படாதவர்கள் யார்? 2011இல் இலவச லேப்டாப் திட்டம் வந்தது. பிளஸ் டூ வரை படித்த பிள்ளைக்குக் கிடைத்தது, நல்லதுதான். பத்தாவதோடு நின்று, கல்யாணத்துக்குப் பணம் சேரும் என்ற ஆசைவார்த்தையில் 'சுமங்கலித் திட்டம்' என்று மில் ஹாஸ்டலுக்குப் போன பெண்ணுக்கு? தோட்டத்துச் சாளையில் தங்கிப் பண்ணையத்தில் உழைக்கிறவரின் பிள்ளைக்கு? ஒடிஷாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் இங்கே ஆலை வேலைக்கு வந்த தோழரின் பிள்ளைக்கு எந்தப் பெட்டி அதன் மொழியில் பேசும்?

தோழர்களே! நம் பத்திரிகையை ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்டுக் கேள்வி கேட்டு வளர்ந்த இயக்கம் இது. காகிதம் தேவைதான். படித்துச் சொன்ன தோழர் இல்லாவிட்டால் அந்தக் காகிதம் பொட்டலம் கட்டத்தான் ஆகியிருக்கும். ஒரே உபாத்தியாயர் ஐந்து வகுப்பையும் கட்டி மேய்க்கிற பள்ளியில் மாட்டிய திரையும் அப்படித்தான்.

என்ன செய்யலாம்? 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்கவேண்டும். மொத்த உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள். அந்த நாற்காலி நமக்கு உரியது. ஷிப்டு முடிந்து களைப்பாக இருக்கும். கூலி போகும் என்ற பயமும் இருக்கும். ஆனாலும் முறை போட்டுக்கொண்டு போங்கள். மூன்று கேள்வி கேளுங்கள்: உபாத்தியாயர் காலியிடம் எத்தனை? வாங்கி வைத்த கருவிகளில் பிள்ளைகள் கையில் எத்தனை, பீரோவில் பூட்டியிருப்பவை எத்தனை? நம் தெருவில் பள்ளிக்கே வராத பிள்ளைகள் யார் யார்?

மூன்றாவது கேள்விக்குப் பதில் சர்க்காரிடம் இருக்கும் என்று காத்திருக்க வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை லைன் வீடுகளிலும் காலனிகளிலும் நாமே வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதுவோம். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவோம். கம்ப்யூட்டரும் வேண்டும், உபாத்தியாயரும் வேண்டும், ஒரு பிள்ளையும் விடுபடக் கூடாது என்று கேட்போம்!