மருந்து தெளிப்பதில் சிக்கனமும் ஜாக்கிரதையும்
(பொட்டிப்புரம் கிராமத்துக் கூட்டுறவு அங்கத்தினர்களுக்குச் செய்த பிரசங்கம்)



மக்காச்சோளத்தை நாசஞ் செய்யும் படைப்புழு அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. அது 2018ஆம் வருஷத்தில் கர்நாடகத்தில் காணப்பட்டு, அவ்வருஷமே தமிழ்நாட்டிலும் பரவிற்று. அதுமுதல் மருந்துச் செலவு குடியானவர் கணக்கில் பெரியதோர் இனமாயிற்று. ஆயினும் மருந்தின் விலையைக் காட்டிலும் அது போய்ச் சேரும் இடமே முக்கியமாகும்.

இப்புழு குருத்தினுள் பதுங்கியிருப்பது. இலைமேல் வாரியிறைத்த மருந்து அதனைத் தொடுவதில்லை. வளர்ந்த புழுவோ தன் எச்சத்தாலேயே குருத்தை அடைத்துக்கொள்ளும். பின்னர் மருந்து உள்ளே இறங்குவது கடினம். ஆகையால் விதைத்த 15 முதல் 20 நாட்களுக்குள், புழு சிறிதாயிருக்கையில், காலையிலோ மாலையிலோ ஒவ்வொரு குருத்தையும் நோக்கித் தெளித்தல் வேண்டும். இதற்குக் கூம்பு வடிவாய்த் தெளிக்கும் நாசில் ஏற்றது. களைக்கொல்லி அடித்த டேங்கில் பூச்சி மருந்தைக் கலக்கலாகாது.

இனி அளவு. 10 மீட்டர் சதுரமான நிலத்தை அளந்து, வழக்கமான நடையில் வெறுந்தண்ணீரைத் தெளித்துப் பார்க்கவும். செலவான தண்ணீரை 40ஆல் பெருக்கினால் ஏக்கர் கணக்குக் கிடைக்கும். 5 லிட்டர் செலவானால் ஏக்கருக்கு 200 லிட்டர். அதாவது 10 லிட்டர் டேங்கில் 20 டேங்கு. எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்.ஜி. லிட்டருக்கு 0.4 கிராம், டேங்கிற்கு 4 கிராம், ஏக்கருக்கு 80 கிராம். 10 டேங்குடன் வேலையை முடிப்பவர் பாதிக் குருத்துக்களைப் புழுவுக்கே விட்டவராவார். மருந்தை இருமடங்கு கலந்தாலும் நனையாத குருத்தில் புழு சாகாது.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பழமொழி. அக்காற்றில் தெளித்த மருந்து அண்டைத் தோட்டத்திற்கும் தெளிப்பவர் முகத்திற்குமே போய்ச் சேரும். 2017ஆம் வருஷத்தில் மகாராஷ்டிரத்து யவத்மால் ஜில்லாவில் பயிருக்கு மருந்தடித்தவர்களுள் இருபதின்மருக்கு மேற்பட்டோர் விஷந்தாக்கி மாண்டனர். ஆகவே காற்றுத் தணிந்த வேளையில், காற்றுக்கு முதுகு காட்டியே தெளித்தல் வேண்டும். முகக்கவசம், கையுறை, முழுக்கைச் சட்டை ஆகியவை அவசியம். அடைபட்ட நாசிலை வாயால் ஊதலாகாது.

தெளிப்பவர் பெரும்பாலும் கூலியாளே. பலர் மருந்தின் பெயரையும் அறியார். அவருடைய உயிருக்கு நிலத்துக்காரரே பொறுப்பாளி. அளவுப் பாத்திரம், நல்ல நாசில், கவசம் ஆகியவற்றைத் தனித்தனியே வாங்க இயலாதவர் சங்கத்தின் மூலம் பொதுவில் வாங்கி வைத்து முறைப்படி உபயோகிக்கலாம். பயிரைக் காப்பதற்குச் செய்யும் செலவு ஆளைக் காப்பதிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.